பளபளப்புக்கு ஆசைப்பட்டு பெயிண்டை தேய்த்து விடாதீங்க! காருக்கு வீட்டிலேயே பாலீஷ், மெழுகு போடுவது எப்படி?

தூத்துக்குடி:-

ஆயுத பூஜை வந்துவிட்டால் போதும், டாக்சி ஸ்டாண்டுகளில் வாளியும் துணியுமாக டிரைவர்கள் களத்தில் இறங்கி விடுவார்கள். ஒரு டப்பா பாலீஷ், ஒரு கட்டு பனியன் வேஸ்ட். கை வலிக்க வலிக்க தேய்த்தால் வண்டி கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஆனால் இப்படி வருஷா வருஷம் தேய்த்த காரின் டாப்பிலும், பானெட்டிலும் நாலைந்து வருஷத்தில் தேமல் மாதிரி வெள்ளை திட்டு விழுந்து விடுகிறது. ஏன் இப்படி?

அரை தாள் கனம்தான்

இப்போது வரும் கார்களில் கலர் பெயிண்டுக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கிறது. பளபளப்பு தருவதும், வெயிலில் கலர் வெளுக்காமல் காப்பதும் இதுதான். இதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். நாம் எழுதும் வெள்ளை தாளின் கனமே சுமார் 100 மைக்ரான் இருக்கும். அதாவது மிஞ்சினால் பாதி தாள் கனம்தான்.

பாலீஷ் என்பது உப்புத்தாள் போன்ற சமாச்சாரம். அதில் உள்ள நைசான தூள், கீறல் விழுந்த மேல் பகுதியை சுரண்டி சமப்படுத்துகிறது. அதனால்தான் மின்னுகிறது. சுரண்டியது சுரண்டியதுதான், மெழுகு போட்டால் திரும்ப வராது. பூச்சு தேய்ந்தபின் ஒரே வழி பட்டறை. சில ஆயிரம் ரூபாய் செலவு ஒரு பக்கம். ஓட்டம் இல்லாமல் வண்டி நிற்பது இன்னொரு பக்கம். தவணை கட்டும் டிரைவருக்கு இது இரட்டை அடி. விற்கப் போனாலும் விலையை குறைத்துதான் கேட்பார்கள்.

மூன்றும் வேறு வேறு

பாலீஷ் சுரண்டும். சீலன்ட், மெழுகு இரண்டும் மேலே படிந்து காக்கும். சீலன்ட் ரசாயனத்தில் செய்தது, 4 முதல் 6 மாதம் நிற்கும். நல்ல கார் மெழுகில் சேர்ப்பது கார்னோபா. பிரேசில் நாட்டில் வளரும் ஒரு வகை பனை மரத்தின் ஓலையில் இருந்து எடுக்கிறார்கள். பளபளப்பு ஜோராக இருக்கும். ஆனால் நம்ம ஊர் வெயிலுக்கு 1 மாதம், மிஞ்சினால் 2 மாதம்தான்.

செய்வது எப்படி?

* வண்டியை நிழலில் நிறுத்தி, தகடு சூடு ஆறியதும் தொடங்க வேண்டும். முதலில் தண்ணீரை அடித்து மண்ணை இறக்குங்கள். உப்பளக் காற்றும், துறைமுக ரோட்டு தூசியும் படிந்த வண்டியை காய்ந்த துணியால் துடைத்தால் கீறல் நிச்சயம்.

* 2 வாளி வையுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் துணியை அலச நல்ல தண்ணீர். துணி துவைக்கும் சோப்புத்தூள் வேண்டாம், இருக்கிற மெழுகையும் அது எடுத்துவிடும். உப்பு போர் தண்ணீராக இருந்தால் காய விடாமல் உடனே துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை வட்டம் படியும்.

* கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால், கடைகளில் விற்கும் கிளே பாரை ஷாம்பு தண்ணீர் விட்டு மெதுவாக இழுத்தால் அழுக்கு வந்துவிடும். அது கீழே விழுந்தால் தூக்கிப் போடுங்கள். மண் ஒட்டிய களிமண் கோடு போட்டுவிடும்.

* கீறல் இருந்தால் மட்டும் பாலீஷ். நகத்தால் கீறல் மேலே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஆழம், பாலீஷுக்கு போகாது. மாட்டாவிட்டால் நைஸ் பாலீஷை கொஞ்சமாக எடுத்து, 2 அடி இடமாக பிரித்து கையாலேயே தேய்த்தால் போதும். ஓரம், மடிப்புகளில் அழுத்தக்கூடாது, அங்கே பூச்சு இன்னும் மெல்லிசு. துணியில் காரின் கலர் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். (பழைய அம்பாசிடர் போன்ற கிளியர் கோட் இல்லாத வண்டிகளில் கலர் வருவது சகஜம்.)

* அடுத்து சீலன்ட். பூசி துடைத்த பிறகு ஒரு நாள் தண்ணீர் படாமல் வையுங்கள்.

* கடைசியில்தான் மெழுகு. மெழுகு மேலே சீலன்ட் போட்டால் பிடிக்காது. மெல்லிசாக பூசி, புகை படிந்த மாதிரி வெளுத்ததும் மைக்ரோ பைபர் துணியால் துடைக்கலாம். கறுப்பு பிளாஸ்டிக் பம்பரில் பட்டால் வெள்ளைக் கறை, ஜாக்கிரதை.

மண்எண்ணெய் வேண்டாம்

தண்ணீரில் மண்எண்ணெய் கலந்து துடைக்கிற பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அந்த மினுமினுப்பு வெறும் எண்ணெய்ப்பசை. மெழுகை கரைத்துவிட்டு தூசியை இழுத்து ஒட்ட வைக்கும். தீப்பிடிக்கிற ஆபத்து வேறு. பட்டறையில் புதிதாக பெயிண்ட் அடித்த இடத்தில் 1 மாதமாவது மெழுகு போடக்கூடாது, பெயிண்ட் முழுதாக உலர வேண்டும்.

மெழுகு இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்க்க ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும். முத்து முத்தாக உருண்டால் இருக்கிறது. பரவி படர்ந்தால் மறுபடி போட நேரம் வந்துவிட்டது. அதற்காக பாலீஷ் டப்பாவை திறக்க வேண்டியதில்லை. அடிக்கடி கழுவலாம், 2 மாதத்துக்கு ஒரு தடவை மெழுகு போடலாம். பாலீஷ் மட்டும் கீறல் கண்ணை உறுத்தும்போது போதும்.

பூஜை முடிந்ததும் பானெட்டில் வைத்த சந்தனம், குங்குமத்தை காய்ந்தபடி தேய்த்து எடுக்காமல், தண்ணீர் ஊற்றி ஊறவைத்து கழுவினால், போட்ட மெழுகும் தப்பும், பெயிண்டும் தப்பும்.