ரூஜ் பள்ளத்தாக்கின் அண்ணன் தம்பியர்

ரொறன்ரோவின் கிழக்கோரத்தில் ஓடும் ரூஜ் ஆற்றை மிருகக்காட்சிச்சாலைக்குப் போகும் வழியில் நம்மவர் பலரும் பார்த்திருப்பார்கள். டேவிட் சாரியாண்டியின் 'பிரதர்' (2017) நாவலில் அந்தப் பள்ளத்தாக்குத்தான் இரு சகோதரர்கள் ஒதுங்கும் இடம். கிளெமென்ட் வேர்கோ அதைப் படமாக்கினார். 2022இல் ரொறன்ரோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட அந்தப் படம், அடுத்த ஆண்டு கனடியத் திரை விருதுகளில் 12ஐ வென்றது. ரூஜ்வாசியான எனக்கு அதைப் பார்த்தபோது நம் பெடியன்களின் ஞாபகமே வந்தது.

கதை 1991ஐ ஒட்டியது. கரீபியத் தீவொன்றிலிருந்து வந்த ரூத், துப்புரவு வேலைகளுக்கு இரவு பகலாக ஓடுகிறாள். தகப்பன் விட்டுப்போன வீட்டில் மூத்தவன் பிரான்சிஸே தம்பி மைக்கேலுக்குத் தகப்பன். தெருவில் எப்படி நிற்பது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அவன் சொல்லிக்கொடுக்கும் பாடங்கள். குற்றப்படம் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். பிரான்சிஸ் தேடிப்போவது முடிதிருத்தும் கடையொன்றில் கூடும் நண்பர்களையும் அவர்களது இசையையும்தான். அவன் சாவது பொலிஸ்காரரின் குண்டில்.

நம் கதை சற்றுப் பிந்தியது. 1990களில் ஸ்காபரோவில் மோதிக்கொண்ட தமிழ்க் குழுக்களை மறந்திருக்க மாட்டீர்கள். ஒன்றின் பெயரில் வல்வெட்டித்துறையின் மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. மற்றொன்றின் பெயரில் ஏகே துப்பாக்கி. ஊரையும் போரையும் கையோடு கொண்டுவந்த பெயர்கள்! லெனின் எம். சிவம் அந்தக் காலத்தை '1999' என்ற தமிழ்ப் படமாக எடுத்தார். 2009இல் வன்கூவர் விழாவில் அது காட்டப்பட்டது. பணச் செலவில் சிறியதென்றாலும், நம் வீட்டுக் கதையை நாமே சொன்ன படம் என்பதால் எனக்கு முக்கியமானது.

பணத்தாசையும் கெட்ட சகவாசமும் பிள்ளைகளைத் தெருவுக்கு இழுத்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒருவன் அடிவாங்குவான். அப்பா தொழிற்சாலையில், அம்மா இரவு வேலையில், சொல்ல ஆளில்லை. கேட்க வருகிறவன் "அண்ணை" ஆகிறான். பிறகு அந்த அண்ணைக்காக இவன் போகவேண்டும். உடன்பிறந்தவனைக் காட்டிக்கொடுக்காதே என்று நாம் வீட்டில் ஊட்டிய விசுவாசம் அப்படியே அங்கே கைமாறியது. வீட்டை வெறுத்துப் போனவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன்.

2001 ஒக்டோபரில் பொலிஸாரும் குடிவரவு அதிகாரிகளும் 40க்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாகக் கைது செய்தார்கள். குடியுரிமை பெறாதவர்களை எதிர்நோக்கியிருந்தது நாடுகடத்தல். போருக்குத் தப்பவைத்த பிள்ளையை அதே போருக்குள் திருப்பி அனுப்புவார்களோ என்ற பயத்தைப் பெற்றோர் யாரிடம் போய்ச் சொல்வது?

'பிரதர்' படத்தில் என்னை அதிகம் பாதித்தது, சாவுக்குப் பத்து வருடங்களுக்குப் பிந்திய பகுதி. ரூத் துக்கத்திலிருந்து மீளவில்லை. மைக்கேல் வீட்டைச் சாத்தி அவளைக் காக்கிறான். சிநேகிதி ஆயிஷா திரும்பி வந்து ஆட்களை உள்ளே அழைக்கும்போது அவனுக்குக் கோபம் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகனின் படத்துக்கு இன்றும் விளக்கெரிகிறது. எப்படி இறந்தான் என்று கேட்டால், "விபத்து" என்பார்கள்.