"சிவந்தது" என்று சொல்லப் பழக்குவோம்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அங்கே மருதாணி வைத்துக்கொண்ட சிறுமி கையை நீட்டி, "ரெட் ஆயிடுச்சு" என்கிறாள். கன்னடத் தோழி "கெம்பாயிது" என்கிறாள். பாட்டிதான், "நல்லா செவந்திருக்கே!" என்று மகிழ்கிறாள். மூன்றும் ஒன்றுதானே என்று வாசகர்கள் கேட்கலாம். முற்றிலும் ஒன்றல்ல.

"ரெட் ஆயிடுச்சு" என்பதில் நிறம் மட்டுமே இருக்கிறது. "சிவந்தது" என்றால் ஒரு காரியம் நடந்திருக்கிறது. தமிழில் எல்லா நிறத்துக்கும் இப்படி வினைச்சொல் வழக்கில் இல்லை. துணி வெளுக்கிறது, வானம் கறுக்கிறது, கண் சிவக்கிறது. நீலம் என்றால் "நீலமாயிற்று" என்றுதான் சொல்கிறோம்.

பெர்லின், கே என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் பல மொழிகளின் நிறப் பெயர்களை ஒப்பிட்டு 1969-ல் ஒரு நூல் வெளியிட்டனர். ஒரு மொழியில் மூன்றே நிறப் பெயர்கள் இருந்தால் அவை வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் வாயில் வழங்கும் வினைச்சொற்களும் அந்த மூன்றுக்கே அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

சிவப்பது எப்படி?

ஆரத்திக்கு மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைக்கிறோம். ஒன்று மஞ்சள், மற்றது வெள்ளை. ஆனால் நீர் சிவக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் சுண்ணாம்பின் காரம் பட்டதும் நிறம் மாறுவதே காரணம். வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை. பாக்கின் துவர்ப்புச் சத்தும் சுண்ணாம்பும் கூடும்போதுதான் வாய் சிவக்கிறது.

மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. அது தோலின் புரதத்தில் பற்றிக்கொள்கிறது. கழுவியவுடன் ஆரஞ்சாகத் தெரிவது, காற்றுப்பட்டு மறுநாள் நன்கு சிவந்துவிடும்.

நண்டும் இறாலும் கொதிநீரில் சிவப்பது வேறு கதை. அவற்றின் ஓட்டில் செந்நிறச் சத்து முன்பே உண்டு. ஒரு புரதம் அதைப் பிடித்து மறைத்து வைத்திருக்கிறது. சூட்டில் அந்தப் பிடி தளர்ந்ததும் சிவப்பு வெளிப்படுகிறது. செங்கல்லோ, களிமண்ணில் உள்ள இரும்பு சூளை வெப்பத்தில் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வதால் சிவக்கிறது.

"உளுத்தம்பருப்பைச் சிவக்க வறுக்கவும்" என்று சமையல் குறிப்பில் எழுதுகிறார்கள். பருப்பு குங்கும நிறத்துக்கு வரும் என்று எந்தத் தாயும் காத்திருப்பதில்லை. எப்போது இறக்குவது என்று அவருக்குத் தெரியும். நிறத்தைவிடப் பக்குவத்தைத்தான் அங்கே அந்தச் சொல் காட்டுகிறது.

கறுத்த முகமும் சிவக்கும்

தொல்காப்பியர் இதை அன்றே அறிந்திருந்தார். உரியியலில், கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் கோபத்தைக் குறிக்கும் என்று முதலில் கூறுகிறார். நிறத்தைக் குறிக்கவும் அவை உரியவை என்பதை அடுத்த நூற்பாவில்தான் சொல்கிறார்.

கோபத்திலும் வெட்கத்திலும் தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரத்தம் பாய்கிறது, முகம் சூடேறுகிறது. முகம் சிவப்பதற்கென்றே டார்வின் 1872-ல் வெளியிட்ட நூலில் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நிறம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கறுத்த தோலுடையவர்களுக்கும் இது நிகழ்கிறது என்பதை அவரும் எழுதியிருக்கிறார்.

கல்யாண விளம்பரங்களில் "சிவந்த நிறம்" கேட்கும் நாம் இதை மறந்துவிடுகிறோம். "முகம் சிவந்தது" என்று சொல்ல மாநிறமோ கறுப்போ தடையில்லை. உள்ளே நடப்பதை அல்லவா அந்தச் சொல் கூறுகிறது?

கெம்பும் செம்மையும்

இதனால் கன்னடத்தோடு நமக்குப் பிணக்கு ஏதும் இல்லை. நம் செம்மண் அவர்களுக்குக் கெம்மண்ணு. நம் செந்தாமரை அவர்களுக்குக் கெந்தாவரெ. செவி அங்கே கிவி, சேரி அங்கே கேரி. பழைய ககர ஒலி இகர, எகரங்களுக்கு முன் தமிழில் சகரமாயிற்று, கன்னடத்தில் ககரமாகவே நின்றது என்பர் மொழிநூலார். நகைக்கடையில் நாம் கேட்கும் கெம்புக்கல் கன்னடத்தார் தந்த பெயரே. செம்மையும் கெம்பும் ஒரே வேரில் கிளைத்தவை. தமிழ்ச் சொல்லை அறிந்த குழந்தைக்கு அந்த உறவும் எளிதில் விளங்கும்.

பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டில் மட்டும்தான் கிடைக்கிறது. "ரெட் ஆயிடுச்சு" என்று சொன்னதற்காக அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். நாம் திருப்பிப் பேசும்போது சரியான சொல்லைப் போட்டுப் பேசினால் போதும், தானே படிந்துவிடும்.

மாலையில் பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும், "ஏம்ப்பா, கண்ணு செவந்திருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். தூசி விழுந்திருக்கலாம். மெட்ராஸ் ஐ தொற்றியிருக்கலாம். யாரிடமும் சொல்லாமல் அழுதுமிருக்கலாம். இந்த ஒரு கேள்விக்கு அவை எல்லாம் வெளியே வரும்.