இன்றைக்குக் கிளைமேட் சூப்பரா?



திருச்சி, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை. வானத்தில் கருமேகம். காற்று சிலுசிலுவென்று வீசுகிறது. உடனே என்ன சொல்வோம்? "டுடே கிளைமேட் இஸ் சூப்பர்!" பெரியவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். இதில் ஒரு சொல் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. எது?

கிளைமேட்! சபாஷ். அங்கே வர வேண்டியது வெதர்.

இந்த இடத்தில், இந்த நேரத்தில் வெயிலா, மழையா, காற்றா? அது வெதர், வானிலை. ஓர் ஊரின் வானிலை பல ஆண்டுகளாக எப்படி இருந்து வருகிறது? அது கிளைமேட், காலநிலை. இதற்கு விஞ்ஞானிகள் வழக்கமாக 30 ஆண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு மாம்பழம் புளித்தால், அந்த மரத்துப் பழமெல்லாம் புளிப்பு என்போமா? ஒரே நாளை வைத்துக் கிளைமேட்டைச் சொல்வதும் அப்படித்தான். புரிகிறதா?

இனி, இந்த வேறுபாட்டைக் காட்டும் வினைச்சொல். சுவையான இடம் இதுதான்.

இப்போது மழை பெய்கிறதா? "இட் இஸ் ரெயினிங்." தூறல்தானா? "இட் இஸ் டிரிஸ்லிங்."

நேற்றுப் பெய்ததா? "இட் ரெயின்ட் எஸ்டர்டே." செய்தித்தாளில் வரும் மழையளவும் இந்த வகைதான். காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்து மழையை வானிலை ஆய்வு மையம் சொல்கிறது. எல்லாம் பெய்து முடிந்த மழை!

இவையெல்லாம் வெதர். இதையும் பாருங்கள்: "இட் ரெயின்ஸ் இன் நவம்பர்." இது வருடா வருடம் நடக்கும் வழக்கம். அதாவது, கிளைமேட்! தமிழிலும் இந்த வேறுபாடு உண்டு. "மழை பெய்கிறது" என்றால் ஓடிப்போய்க் கொடியில் காயும் துணியை எடுக்க வேண்டும். "நவம்பரில் மழை பெய்யும்" என்றால் குடை வாங்கி வைத்தால் போதும்.

திருச்சிக்கு ஏன் நவம்பர்? ஜூனில் வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, ஈரத்தின் பெரும்பகுதியை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான் நமக்குப் பெரிய துணை.

ஆடி மாதத்தில் மேலே வெயில் கொளுத்த, கீழே காவிரி நுங்கும் நுரையுமாக ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அது குடகிலும் வயநாட்டிலும் பெய்து, மேட்டூர் அணை வழியாக வந்த தண்ணீர். அன்றைக்கு எப்படி எழுதலாம்? "இட் இஸ் சன்னி இன் ஸ்ரீரங்கம். இட் ரெயின்ட் இன் குடகு." எவ்வளவு எளிது!

இப்போது உங்கள் முறை. மூன்று வாக்கியம் எழுதுங்கள். ஒன்று, இந்த நொடியைப் பற்றி. ஒன்று, நேற்றைப் பற்றி. ஒன்று, உங்கள் ஊர் வழக்கத்தைப் பற்றி. மூன்றாவதற்கு மட்டும் தாத்தா பாட்டியைக் கேட்டுக்கொள்ளுங்கள். 30 ஆண்டு மழையையும் வெயிலையும் பார்த்தவர்கள் அவர்கள்தானே!