திணறும் திரை

ஹை டெஃபனிஷன் காம்கார்டரில் எடுத்த வீட்டுப் படங்கள் பழைய கம்ப்யூட்டரில் தடுக்கி விழுகின்றன. புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது ஒன்றுதான் வழியா?

பெரியம்மா பேசுகிறார். குரல் கேட்கிறது, உதடு அசையவில்லை. மூன்று வினாடி கழித்து, உயர்த்திய கை ஒரே தாவலில் மடிக்கு வந்து சேர்கிறது. அதற்குள் பேச்சு அடுத்த கதைக்குப் போய்விட்டது.

2010-ல் பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில் எடுத்த படம் இது. பெரியம்மா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தை ஒட்டிய லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்ட பிறகு பெங்களூருக்கு வந்தவர், லைன் வாழ்க்கையைப் பற்றி அன்று இரண்டே முக்கால் மணி நேரம் பேசினார். 2019-ல் காலமானார். பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கும்படி அதை அரை மணி நேரமாகச் சுருக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வீட்டில் இருப்பதோ 2008-ல் வாங்கிய கம்ப்யூட்டர். கடிதம் எழுத, மொழிபெயர்க்க, கணக்குப் பார்க்க இன்றும் அது போதும். ஆனால் படத்தைப் போட்டால் திணறுகிறது. ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்றே தெரியாதபோது எங்கே கத்தரி வைப்பது?

பெங்களூரில் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் என்றால் எல்லோரும் போகும் இடம் டவுன் ஹாலுக்குப் பக்கத்திலுள்ள எஸ்.பி. ரோடு, அதாவது சாதர் பத்ரப்பா ரோடு. ஒரு கடையில் மெமரியை 4 ஜிபியாக ஏற்றினார்கள். பயனில்லை. அடுத்த கடையில் வட்டத் தகட்டு ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டார்கள். கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாக எழுந்தது, பெரியம்மா மட்டும் அப்படியே உறைந்திருந்தார். மூன்றாவது கடையில், காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றார்கள்.

மூவரும் கம்ப்யூட்டரைத்தான் சோதித்தார்கள். வில்லங்கம் ஃபைலில் இருந்தது.

மூட்டை கட்டும் கேமரா

பழைய மினி டிவி கேமராவின் ஒரு ஃபிரேமில் 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். ஹை டெஃபனிஷனில் 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. ஒரு புள்ளிக்கு மூன்று பைட், வினாடிக்கு 25 ஃபிரேம் என்று கணக்குப் போட்டால் ஒரு வினாடிப் படத்துக்கு 155 மெகாபைட் தேவை. அதை அப்படியே சின்ன மெமரி கார்டில் அடைக்க முடியாது.

2006-ல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த ஏ.வி.சி.எச்.டி. முறை இதைச் சமாளித்தது. 2003-ல் வெளிவந்த எச்.264 என்ற சுருக்கும் முறைதான் அதன் அடிப்படை. அதிகபட்சத் தரத்தில்கூட வினாடிக்கு 24 மெகாபிட், அதாவது 3 மெகாபைட்தான். ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு.

எப்படி முடிகிறது? கேமரா எல்லா ஃபிரேம்களையும் முழுசாக எழுதுவதில்லை. ஒன்றை முழுசாக எழுதிவிட்டு, அடுத்து வரும் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. பெரியம்மாவின் கை நகர்ந்தால் கைக்கு மட்டும் குறிப்பு. பின்னால் உள்ள சுவருக்கு, முன்பு சொன்னதுதான் என்று ஒரு வரி.

பார்க்கிறவர் நேராகப் பார்த்துக்கொண்டே போனால் இதில் பாதிச் சிரமம்தான். எடிட் செய்கிறவர் முன்னும் பின்னும் தாவுகிறார். ஏழாவது ஃபிரேமைக் கேட்டால் கம்ப்யூட்டர் முதல் ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து குறிப்புகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்து படத்தைக் கட்ட வேண்டும். இது பிராசசரின் வேலை. மெமரியைக் கூட்டினாலும் டிஸ்கை மாற்றினாலும் இந்தக் கணக்கு குறையாது. 2011-ல்தான் இன்டெல், வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் தனிப் பகுதியைத் தன் பிராசசருக்குள்ளேயே வைத்தது. அதற்கு முந்தைய கம்ப்யூட்டர்கள் திணறுவதில் வியப்பில்லை.

இதில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. 1985-ல் இங்கே கால் ஊன்றிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்திலிருந்து வெளியே வந்தவர்கள் 2001-ல் இதே ஊரில் இட்டியம் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆண்ட்ராய்டு போன்களில் எச்.264 மூட்டையைப் பிரிக்கும் சாஃப்ட்வேர்களில் ஒன்று அவர்கள் எழுதியது. உலகத்துக்கே மூட்டை பிரித்துக் கொடுக்கும் ஊரில் என் வீட்டு மூட்டை பிரியாமல் கிடந்தது!

நகலில் வெட்டு, அசலில் பூர்த்தி

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. பெரிய சினிமாக்காரர்களும் கையாளும் முறைதான் அது. அசலைத் தொடாமல் ஒரு சின்ன நகல் எடுத்து, அதில் எடிட் செய்வது. இதற்கு பிராக்ஸி என்று பெயர்.

640-க்கு 360 அளவில் நகல் எடுத்தால் புள்ளிகள் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். எல்லா ஃபிரேம்களையும் முழுசாக எழுதும் முறையில் நகல் எடுப்பது இன்னும் நல்லது. எந்த இடத்துக்குத் தாவினாலும் படம் தயாராக நிற்கும். எங்கே வெட்டு, எங்கே ஒட்டு என்ற முடிவுகளை மட்டும் சாஃப்ட்வேர் குறித்துக்கொள்கிறது. கடைசியில் அந்த முடிவுகளை அசல் ஃபைலில் நிறைவேற்றி முழுத் தரத்தில் படத்தைத் தருகிறது. நகல் மங்கலாக இருந்ததன் சாயல்கூட அதில் இராது.

இலவச சாஃப்ட்வேர்களான கேடென்லைவ், ஷாட்கட் இரண்டிலும் இந்த வசதி உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு பொதுவாக நின்றுவிட்டதால், என் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு கேடென்லைவை ஏற்றினேன். நகல் எடுக்க ஒரு இரவு பிடித்தது. கம்ப்யூட்டருக்கு வயதாகியிருக்கலாம், ஆனால் தூக்கம் கெடுவது பற்றி அது முணுமுணுப்பதில்லை.

அசலையே முழு அளவில், எடிட்டிங்குக்கு ஏற்ற வேறு ஃபைலாக மாற்றும் முறையும் இருக்கிறது. ஆனால் டி.என்.எக்ஸ்.எச்.டி. போன்ற முறையில் வினாடிக்கு 120 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரப் படம் 54 ஜிபியை விழுங்கும். பழைய டிஸ்க் தாங்காது.

சில முன்னெச்சரிக்கைகள்

கார்டிலிருந்து எடுக்கும்போது எம்.டி.எஸ். ஃபைல்களை மட்டும் பொறுக்காமல் ஏ.வி.சி.எச்.டி. ஃபோல்டரை முழுசாக எடுத்து வையுங்கள். நீண்ட காட்சிகளைக் கேமரா பல ஃபைல்களாகத் துண்டு போட்டிருக்கும். அவற்றைக் கண்டபடி ஒட்டினால் இணையும் இடத்தில் பேச்சு ஒரு கணம் விட்டுப்போகலாம். கை வீசும் இடங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் அது கேமராவின் கோளாறு அல்ல. படத்தை ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று பிரித்து எழுதும் பழைய முறையின் அடையாளம் அது. டீஇன்டர்லேஸ் என்ற வசதியைப் போட்டால் சரியாகும்.

எல்லாவற்றுக்கும் முதலில், அசலுக்கு இரண்டு பிரதி எடுத்து வெவ்வேறு டிஸ்கில் வையுங்கள். மெமரி கார்டு கல்வெட்டு அல்ல. பல வருடம் அலமாரியில் சும்மா கிடந்தால் அதிலுள்ள பதிவு கெட்டுப்போகக்கூடும். கம்ப்யூட்டர் பழையதாக இருப்பதைவிட, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் தள்ளிப்போடுவதே பெரிய ஆபத்து.

மறுநாள் காலை நகலை ஓட்டினேன். முதல் முறையாக உதடும் குரலும் சேர்ந்து வந்தன. சுரங்கத்துக்குள் பாறை வெடித்த ஒரு இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் இடத்தில் படம் மறுபடி நின்றது. இதுவும் தோற்றதோ என்று சலித்துக்கொண்டு எழப்போனேன். அப்போது பெரியம்மாவின் தோளுக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை காற்றில் ஆடியது.

படம் நிற்கவில்லை. பெரியம்மாதான் பேசாமல் இருந்தார். பதினோரு வினாடிகள். இத்தனை நாளும் கம்ப்யூட்டரின் திணறல் என்று நான் தாண்டிப்போன இடம் அது.

இரண்டே முக்கால் மணி நேரம் இப்போது முப்பத்தோரு நிமிடமாகியிருக்கிறது. அந்தப் பதினோரு வினாடியில் மட்டும் கத்தரி வைக்கவில்லை.