தங்கவயல்: காப்பு, கைரேகை, காமிரா

கோலார் தங்கவயல் என்றால் இன்று மாணவர்கள் 2018இல் வந்த ‘கே.ஜி.எஃப்’ படத்தைத்தான் சொல்கிறார்கள். தங்கவயலின் சயனைடு மேட்டிலேயே அரங்கம் போட்டு எடுத்த படம். அதில் சுரங்கத்து மக்கள் வாயற்ற அடிமைகள். மீட்க ஒரு நாயகன் வெளியிலிருந்து வருகிறான்.

நாம் அறிந்த தங்கவயல் வேறு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின், வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து நம் மக்கள் அங்கே போனார்கள். பண்ணையை விட்டு ஓடியவர்களின் கையில் கம்பெனி எண் பொறித்த காப்பை மாட்டியது. 1930இல் கைரேகையும் பதியச் சொன்னபோது குழிக்குள் இறங்க மறுத்தார்கள். மூன்று வாரம் வேலை நின்றது. எந்த நாயகனுக்காகவும் அவர்கள் காத்திருக்கவில்லை.

அவர்கள் வாசித்தவர்களும்கூட. அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் மீண்டும் கொண்டுவந்தது தங்கவயலிலிருந்துதான். பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கிய சித்தார்த்தா புத்தகசாலையும் அங்கேதான் இருந்தது. பண்டிதர் நம் கைக்கு வந்ததில் சுரங்கக் கூலிக்கும் பங்குண்டு.

பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) நம் மக்களைக் கதையின் நடுவில் நிறுத்தியது. அது பெரிய காரியம். ஆனால் அதன் காலம் 19ஆம் நூற்றாண்டு. அச்சகமும் பௌத்த சங்கமும் வேலைநிறுத்தமும் அதற்குப் பிந்தியவை.

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. பேரப்பிள்ளைகள் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். படம் எடுக்க நினைக்கும் மாணவர்கள் முதலில் அந்த ரயிலில் ஏறுங்கள். வீட்டுப் பரணில் தாத்தாவின் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.