உழவர் கம்பெனியில் நீங்கள் டைரக்டரா? ‘ஆடிட்டர் பார்த்துக்குவாரு’னு இருந்தால் என்ன ஆகும்?

வைகை அணை நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆனால் கம்பெனி சட்டம் மாறும்போது இப்படி யாரும் ஊர் ஊராக வந்து அறிவிக்க மாட்டார்கள். விவசாயிகளே டைரக்டர்களாக இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இதுதான் சிக்கல்.

சங்கம் இல்ல, கம்பெனி!

வாழை, திராட்சை விவசாயிகள் சேர்ந்து நடத்தினாலும், உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்துவிட்டால் அது கம்பெனிதான். 2021 பிப்ரவரி 11 முதல் இவை 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் தனி அத்தியாயத்தின் கீழ் வருகின்றன. 5 முதல் 15 டைரக்டர்கள் இருக்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறையாவது போர்டு மீட்டிங் நடக்க வேண்டும். முழுநேர தலைமைச் செயல் அலுவலரும் கட்டாயம்.

2017-ல் நடந்தது என்ன?

தொடர்ந்து 3 நிதியாண்டுகளுக்கு நிதி அறிக்கையோ ஆண்டு அறிக்கையோ தாக்கல் செய்யாவிட்டால், அந்த கம்பெனியின் டைரக்டர்களுக்கு 5 ஆண்டு தகுதி நீக்கம். பழைய 1956 சட்டத்தில் இது பப்ளிக் கம்பெனிகளுக்கு மட்டும்தான். 2014 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய பிரிவு எல்லா கம்பெனிகளையும் இதற்குள் கொண்டுவந்தது.

இந்த மாற்றத்தை பல சிறு கம்பெனிகள் கவனிக்கவில்லை. 2017 செப்டம்பரில் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கும் அதிகமான டைரக்டர்கள் தகுதி நீக்கப் பட்டியலில் வந்தபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

பலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2014-ல் வந்த விதிக்கு 2013-14 நிதியாண்டையும் சேர்த்துக் கணக்கிட்டது தவறு என்று 2018 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2020 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் டைரக்டர்களுக்கு ஆதரவாகவே தீர்ப்பளித்தது. ஆனால் அந்த விதி ரத்தாகவில்லை. 3 ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் இன்றும் சிக்கல்தான்.

ஒரு நாள் தாமதத்துக்கு எவ்வளவு?

2018 ஜூலை முதல் இந்தப் படிவங்களுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். அதுவும் ஒவ்வொரு படிவத்துக்கும் தனித்தனியாக. இரண்டு படிவங்கள் 100 நாள் தாமதமானால் 20,000 ரூபாய். இது உறுப்பினர்களின் பங்குப் பணத்தில் இருந்துதானே போகும்?

கேஒய்சி விதியும் மாறிவிட்டது

2018-ல் வந்த விதிப்படி, டைரக்டர்கள் ஆண்டுதோறும் கேஒய்சி செய்ய வேண்டும். தவறினால் அவர்களின் அடையாள எண் முடக்கப்படும், மீட்க 5,000 ரூபாய். 2025 டிசம்பர் கடைசியில் இதைத் திருத்தினார்கள். 2026 மார்ச் 31 முதல், 3 ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். இது சலுகைதான். ஆனால் 3 ஆண்டு இடைவெளியில் மறந்துபோகவும் வாய்ப்பு அதிகம்.

டைரக்டர்கள் செய்ய வேண்டியவை

1. உங்கள் சொந்த மொபைல் எண், இமெயில்தான் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆடிட்டரின் இமெயிலைக் கொடுத்திருந்தால், உங்களுக்கு வர வேண்டிய தகவல் அவருக்குத்தான் போகும்.

2. ஒவ்வொரு போர்டு மீட்டிங்கிலும் ‘புதிய சட்ட மாற்றங்கள்’ என்று ஒரு பொருளைச் சேருங்கள். ஆடிட்டரிடமோ கம்பெனி செக்ரட்டரியிடமோ ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வாங்கி, மினிட்ஸ் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள்.

3. மத்திய கம்பெனி விவகாரத் துறை இணையதளத்தில் உங்கள் கம்பெனி கடைசியாக எந்த ஆண்டுக்கு அறிக்கை தாக்கல் செய்தது என்பதைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம். ‘தாக்கல் பண்ணியாச்சு’ என்று சொன்னால் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

4. முகவரி, மொபைல் எண் மாறினால் 30 நாளுக்குள் தெரிவித்துவிடுங்கள்.

ஆடிட்டருக்கு சம்பளம் கொடுக்கலாம், வேலையை ஒப்படைக்கலாம். ஆனால் தகுதி நீக்கப் பட்டியல் வந்தால் அதில் இருக்கப்போவது டைரக்டரின் பெயர்தான். அடுத்த போர்டு மீட்டிங்கில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “போன வருஷ அறிக்கை தாக்கல் ஆயிடுச்சா?”