சிறிய பெட்டிக்குள் ஒரு கணினி

2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையத்தின் வழியே நடைபெற்றன. ஒரே கைப்பேசியை இரண்டு மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்த வீடுகள் தோட்டங்களில் பல. அதன் பிறகுதான், "பிள்ளைக்கு ஒரு கணினி வாங்க வேண்டும், சார். எதை வாங்கலாம்?" என்று பெற்றோர் கேட்பது வழக்கமாயிற்று. பல மாதம் சேர்த்த பணம் ஒரே நாளில் கைமாறும் காரியம் இது. ஆகவே, பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பொருத்தும் சிறிய கணினிக்கு எவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று இன்று பேசலாம்.

பொருத்துவது பெரிய வித்தை அன்று. ஒரு திருப்புளியும், அவசரப்படாத ஒரு பிற்பகலும் போதும். தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். பெரிய பெட்டி என்றால் எதை வாங்கினாலும் எப்படியாவது அடங்கிவிடும். சிறிய பெட்டியில் அப்படியில்லை. ஒரு பாகம் அரை விரல் அளவு உயர்ந்திருந்தாலும் மூடி மூடாது. பிறகு ஏன் சிறியது என்று கேட்பீர்கள். லயத்து வீட்டில் தையல் இயந்திரத்துக்கும் அலமாரிக்கும் நடுவே மிஞ்சும் இடம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வீடும் தோட்டத்தினுடையது, வேலை முடிந்தால் காலி செய்துகொடுக்க வேண்டும். ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக இருப்பது நல்லதுதானே?

முதலில் செயலி. இதுவே கணினியின் மூளை. பாடம் படிக்க, கட்டுரை எழுத, காணொலி பார்க்க, கொஞ்சம் நிரல் எழுதிப் பழக நடுத்தரச் செயலி போதும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். திரைக்குப் படம் அனுப்பும் திறன் செயலிக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லையெனில் அதற்கென்று தனி அட்டை வாங்க நேரிடும். அது விலையும் அதிகம், இடத்தையும் அடைக்கும், வெப்பத்தையும் கக்கும். இன்டெல் செயலியின் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் படத்திறன் இல்லை. ஏஎம்டியின் ஏஎம்4 வகையில் பொதுவாக 'ஜி' என்ற எழுத்து இருந்தால்தான் உண்டு. இந்த ஓர் எழுத்தைப் பாராமல், 'விலை குறைவாக இருக்கிறதே' என்று வாங்கினால், கணினி ஓடும். திரை கறுப்பாகவே இருக்கும்.

அடுத்தது தாய்ப்பலகை, அதாவது மதர்போர்டு. செயலியை வைக்கும் குழி ஒவ்வொரு வகைக்கும் வேறு. ஏஎம்4 செயலி ஏஎம்5 பலகையில் உட்காராது. குழி பொருந்தினாலும், பழைய பலகை புதிய செயலியை அடையாளம் காணாமல் போவதுண்டு. பலகையைத் தயாரித்தவரின் பட்டியலில் உங்கள் செயலியின் பெயர் இருக்கிறதா என்று கடைக்காரரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பலகையின் அளவே பெட்டியின் அளவைத் தீர்மானிக்கும். தைவான் நாட்டின் வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த மினி-ஐடிஎக்ஸ் என்ற அளவு, பக்கத்துக்கு 17 சென்டிமீட்டர் கொண்ட சதுரம். பெரும்பாலும் இதில் நினைவகத்துக்கு 2 இடங்களே இருக்கும். மைக்ரோ-ஏடிஎக்ஸ் என்பது பக்கத்துக்கு 24.4 சென்டிமீட்டர் வரை வரும். சிறியது என்பதால் விலையும் குறையும் என்று எண்ண வேண்டா; ஒரே தரத்தில் மினி-ஐடிஎக்ஸ் பலகைக்குத்தான் பெரும்பாலும் கூடுதல் விலை. மேசையில் இன்னும் ஒரு சாண் இடம் கிடைக்குமானால், மைக்ரோ-ஏடிஎக்ஸ் பலகையை வாங்கி, மிச்சப் பணத்தை வேறு பாகத்துக்குச் செலவிடுங்கள் என்பதே என் கருத்து.

நினைவகம் 16 ஜிபி இருந்தால் நிறைவு. டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றதன் இடத்தில் நுழையாது. 8 ஜிபி துண்டு இரண்டாக வாங்கினால் செயலிக்குள் இருக்கும் படத்திறன் விரைவாக இயங்கும். ஆனால் இரண்டு இடங்களும் அப்போதே நிரம்பிவிடும். 16 ஜிபி துண்டு ஒன்றாக வாங்கினால் வேகம் சற்றுக் குறையும். பிற்பாடு இன்னொன்று சேர்க்கலாம். எது தேவை என்பது உங்கள் பிள்ளையின் படிப்பைப் பொறுத்தது. சேமிப்புக்கு எம்.2 வகைத் துண்டு ஒன்று போதும். 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அது பலகையின் மேலேயே படுத்துக்கொள்ளும். கம்பியும் வேண்டாம், இடமும் வேண்டாம்.

இனி, சிறிய கணினியின் உண்மையான எதிரிக்கு வருவோம். அதுதான் வெப்பம். தகரக் கூரையின் கீழ் பிற்பகல் இரண்டு மணிக்கு அறை எப்படிக் கொதிக்கும்! கணினிக்குள் இருக்கும் விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அறைக் காற்றில் கலந்துவிடுகிறது, அவ்வளவே. அறை சூடாக இருந்தால் செயலியும் அதற்கேற்ப மேலும் சூடாகும். சுமார் 95, 100 டிகிரியைத் தொடும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'புதுக் கணினி மத்தியானம் மந்தமாகிறது' என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே 65 வாட்டுக்கு மேற்படாத செயலியாகப் பாருங்கள். முன்னும் பக்கவாட்டிலும் கம்பிவலை போன்ற துளைகள் உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடிப் பலகையும் வண்ண விளக்கும் கடையில்தான் அழகு. செயலியின் மேல் அமரும் விசிறிக்கு எத்தனை மில்லிமீட்டர் உயரம் இடமுண்டு என்று பெட்டியின் விவரத்தில் எழுதியிருப்பார்கள். விசிறியின் உயரம் அதற்குள் அடங்க வேண்டும். பின்பக்கம் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு வையுங்கள். எறும்பும் பல்லியும் நுழையாதபடி துளைகளுக்கு மெல்லிய வலை இருப்பதும் நம் வீடுகளுக்கு அவசியம்.

மின்வழங்கியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டா. பவர் சப்ளை என்று கடையில் கேட்பது இதைத்தான். சாதாரண ஏடிஎக்ஸ் வகை 15 சென்டிமீட்டர் அகலமும் 8.6 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. மிகச் சிறிய பெட்டிகளுக்கு எஸ்எஃப்எக்ஸ் வகை, அதாவது 12.5 சென்டிமீட்டர் அகலமுள்ளது, தேவைப்படும். தனிப் பட அட்டை இல்லாத இத்தகைய கணினிக்கு 300 முதல் 450 வாட் வரை தாராளம். வாட் எண்ணை மட்டும் பெரிதாக எழுதி, தூக்கினால் தக்கையாக இருக்கும் மலிவுச் சரக்கை நம்பாதீர்கள். அது கெடும்போது தான் மட்டும் கெடாமல், பலகையையும் உடன் அழைத்துப் போகக்கூடும். மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. கணினி 100 வாட் இழுத்தாலும் 10 மணி நேரத்துக்கு 1 யூனிட்தான்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, 'நமக்கு இது எட்டாது' என்று நினைப்பவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. அலுவலகங்கள் கழிக்கும் சிறு கணினிகள், கனமான அகராதி அளவே உள்ளவை, பழைய விலைக்குக் கிடைக்கின்றன. படிப்புக்கு அவை போதுமானவை. ஆனால் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமானால், இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலி வேண்டும். அதற்கு முந்தியது என்றால் லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தலாம். அதற்குக் காசு இல்லை.

கடைக்குப் புறப்படுமுன் ஒரு தாளில் எல்லாப் பாகங்களின் முழுப் பெயரையும், அளவையும், பலகையின் குழி வகையையும் எழுதிக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுக்கே போனாலும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "இது இல்லை, இதைப்போல் இன்னொன்று இருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னால், தாளிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாராமல் தலையசைக்காதீர்கள். உத்தரவாதக் காலம் முடியும்வரை ரசீதையும் அட்டைப் பெட்டிகளையும் பத்திரப்படுத்துங்கள். சிரிம் முத்திரையுள்ள நீட்டிப்புக் கம்பியையே பயன்படுத்துங்கள். மாலையில் இடி கேட்டதும் மின்செருகியை மட்டுமல்லாமல், இணையக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.